மூன்று பாட்டுகள் பாடியவர்

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரான அன்ரியை எனக்கு நினைவுபடுத்த ஒரு பச்சைக் குடை போதும்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் டூட்டிங்கில் மரக்கறி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். வெளியே நல்ல மழை. எங்கள் தரிப்பில் இறங்குவதற்காக எழுந்தபோது, பின்னாலிருந்த ஒருவர் தரையில் கிடந்த குடையை எடுத்து உயர்த்திப் பிடித்து, இது யாருடையது என்று கேட்டார். மூங்கில் பிடி போட்ட பச்சைக் குடை. அன்ரி மலேசியாவிலிருந்து கொண்டுவந்தது. கைக்குழந்தையோடு கதவடியில் நின்ற ஒரு பெண், தன்னுடையதாக இருக்கலாம் என்று சொல்லிக் கையை நீட்டினாள். நான் வாயைத் திறந்தேன். அன்ரி என் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினார். குடை அந்தப் பெண்ணோடு போய்விட்டது. நாங்கள் இருவரும் மரக்கறிப் பைகளைத் தலையில் பிடித்துக்கொண்டு வீடுவரை நனைந்து நடந்தோம்.

"அன்ரி, அது உங்கட குடையெல்லே?"

"ஆமா."

"பிறகேன் பேசாமல் நிண்டனீங்கள்?"

"அந்தப் புள்ள கையில குழந்தை இருக்குல்ல. நம்ம துணிய நம்ம காயப்போட்டுக்கலாம். விடு லா."

அவர் அப்படித்தான். 'என்னுடையது' என்ற சொல் அவருடைய வாயில் வராது. சொந்த வீட்டை 'இந்த வீடு' என்பார். தன் அறையை 'மேல இருக்கிற ரூம்' என்பார். நான் குடிவந்த முதல் நாள், தவறுதலாக அவருடைய கோப்பையில் தேநீர் குடித்துவிடக் கூடாதே என்று, "உங்கட கோப்பை எது அன்ரி?" என்று கேட்டேன். "எது கழுவி இருக்கோ அது," என்றார்.

மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவர்; பேச்சின் வாலில் வரும் அந்த 'லா'வும் அந்த ஊர்தான். பத்தொன்பது வயதில் தாதிப் பயிற்சிக்காக லண்டனுக்கு வந்து, வார்டு சிஸ்டராகி, ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளில் வார்டில் கேக் வெட்டினார்களாம். பேக்கரிக்காரர்கள் மாற்றிக் கொடுத்துவிட்டதால், கேக்கின்மேல் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருந்ததாம். மற்றவர்கள் பதறியபோது இவர் அந்தப் பெயருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வெட்டினாராம். இதை எனக்குச் சொல்லும்போது கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

நான் அங்கே போனபோது அவருக்கு எழுபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, ஆண்பிள்ளைபோல் கத்தரித்த வெள்ளை முடி. குப்பைத் தொட்டியை வாசலில் வைக்கப் போவதென்றாலும் உதட்டுக்குச் சாயம் பூசாமல் போகமாட்டார். எதையும் மடிப்பு நேராக விழ இஸ்திரி போடுவார், பாத்திரம் துடைக்கிற துணியைக்கூட. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறையில் பலகையை விரித்துவைத்து இரண்டு மணி நேரம் இஸ்திரி போடும்போது அவரை அறியாமலே ஏதோ ஆங்கிலப் பாட்டு வாயிலிருந்து வரும். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லண்டனில் எனக்கென்று வேறு ஒருவரும் இல்லை. மேல்மாடியில் படுத்தபடி அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் என் ஞாயிற்றுக்கிழமை.

முதல் தடவை கேட்டபோது அவருக்கு விக்கல் என்று நினைத்து ஒரு கிளாஸ் தண்ணீரோடு ஓடி இறங்கினேன். பாட்டின் நடுவில், சொல் பாதியில், குரல் சட்டென்று உடைந்து மேலே போய் மறுபடி கீழே விழுந்தது. அப்படியே விக்கல்தான்.

தண்ணீரைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு. "விக்கல் இல்ல மா. பாட்டே அப்படித்தான்."

"ஆரோ உங்களை நினைக்கினமாக்கும் எண்டு நினைச்சன்."

"என்னை யாரு நினைக்கப் போறா," என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்துப் பலகையில் போட்டார்.

அவருடைய கதை அவர் வாயால் எனக்குக் கிடைத்திருக்காது. ஈப்போவிலிருந்து அவருடைய தங்கை தொலைபேசியில் அழைத்தபோது அன்ரி குளித்துக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன். தங்கை பேச்சுப் பிரியை. அக்கா இன்னும் பாடுகிறாளா என்று கேட்டார். இஸ்திரி போடும்போது பாடுவார் என்றேன்.

"இஸ்திரியா? ஐயோ, உனக்குத் தெரியாதா? அக்கா லண்டன்ல ரெக்கார்டு போட்டவ லா! எங்கப்பாவுக்கு மட்டும் கடைசி வரைக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அடுத்த கப்பல்ல கூட்டிக்கிட்டு வந்திருப்பாரு."

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த அன்ரியிடம் கேட்டேன். மறுக்கவில்லை. யாரோ தெரிந்த பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

ராக்கபிலி என்று ஒருவகைப் பாட்டாம். அமெரிக்காவில் நாட்டுப்புற வெள்ளைக்காரரின் பாட்டும் கறுப்பர்களின் தாளமும் சேர்ந்து உண்டானதாம். ஒருவன் ஆள் உயர வயலின்போல இருக்கும் வாத்தியத்தைக் கையால் அறைந்து தாளம் கொடுப்பான், ஒருவன் கிட்டார் அடிப்பான், பாடுகிறவர் குரலை அங்கங்கே விக்கவிட்டுப் பாடவேண்டும். ஈப்போவில் அண்ணனின் வானொலியில் கேட்டுக் கேட்டு அது இவருக்கு வந்துவிட்டது. பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரியில் அம்புலன்ஸ் ஓட்டிய ஒரு பையன் கிட்டார்க்காரன். தாதிகளின் கிறிஸ்துமஸ் விருந்தில் இவர் பாடியதைக் கேட்டு, வா என்று கூப்பிட்டான். விடுமுறை மாலைகளில் தென் லண்டன் நடன மண்டபங்களில் பாடினார். ஒரு சின்னக் கம்பெனி, சப்பாத்துக் கடைக்கு மேலே இருந்த அறையொன்றில் வைத்து மூன்று பாட்டுகள் பதிவு செய்தது. இரண்டு பாட்டுகள் ஒரு இசைத்தட்டின் இரண்டு பக்கமாக வெளிவந்தன. மூன்றாவது வரவில்லை. கம்பெனி மூடிவிட்டது.

"இசைத்தட்டு எங்க அன்ரி? ஒருக்கா காட்டுங்கோவன்."

"இல்ல."

"உங்கட படம் போட்டவையா?"

அப்போதுதான் அதைச் சொன்னார். கம்பெனிக்காரன் பாட்டைக் கேட்டுத் துள்ளிக் குதித்தானாம். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த முகத்துக்கும் இந்தப் பெயருக்கும் கடைக்காரர்கள் தட்டு எடுக்கமாட்டார்கள் என்றானாம். விடுதியில் அன்ரியோடு ஒரே அறையில் இருந்தவள் ஓர் அயர்லாந்துப் பெண். சோளப்பொத்தி நிறத்தில் தலைமுடி. அன்றைக்குத் துணைக்கு வந்திருந்தாள். அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு பெயரும் அங்கேயே கட்டினார்கள். இரண்டு மூன்று மண்டபங்களில், உள்ளே இசைத்தட்டைச் சுழலவிட்டு, அவளை மேடையில் வாயசைக்கவும் வைத்தார்கள்.

எனக்குக் காது சூடாகியது. அன்ரி பொறுமையாக என்னைப் பார்த்தார்.

"ஏன் மா முகத்த இப்படி வச்சுக்கிற? நம்ம படத்துல எல்லாம் கதாநாயகியா பாடுறா? பின்னணிதானே. நானும் பின்னணி. அவ்வளவுதான்."

"அங்க பின்னணி பாடினவைக்கும் பேர் போடுவினம், அன்ரி."

அன்ரி தலையைத் துவட்டி முடித்தார். ஈரத் துவாயை மடித்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

அதன்பிறகு நான் செய்தது சரியென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். வேலை செய்யும் இடத்துக் கணினியில், மதிய இடைவேளையில், அவர் சொன்ன அந்த இரவல் பெயரைத் தேடினேன். பழைய இசைத்தட்டுச் சேகரிப்பவர்களின் பக்கம் ஒன்று வந்தது. அந்தப் பெயர், இரண்டு பாட்டுகளின் தலைப்பு, தலையைச் சாய்த்துச் சிரிக்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் படம். கீழே ஒரு வரி: இவரைப் பற்றி வேறு எதுவும் தெரியவில்லை. அந்த வரியைப் பார்த்ததும் என்னால் இருக்க முடியவில்லை. அந்தப் பாடகி யார் என்று எனக்குத் தெரியும், அவர் உயிரோடிருக்கிறார் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அன்ரியிடம் கேட்கவில்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. எழுதியவர் பர்மிங்காம் பக்கத்தில் இருந்த, ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். தன்னிடம் அந்தப் பாடகியின் வெளிவராத மூன்றாவது பாட்டு இருக்கிறது என்றார். உலகத்தில் ஒரே ஒரு மாதிரித் தட்டுத்தான் உண்டாம். ஒலிப்பதிவாளர் இறந்தபிறகு அவருடைய வீட்டைக் காலி செய்தபோது வாங்கினாராம். வரலாமா என்று கேட்டிருந்தார்.

வந்தார். பருத்த, கூச்ச சுபாவமுள்ள மனிதர். கையில் ஒரு சின்னப் பெட்டிப் பிளேயர். துணியில் சுற்றிய இசைத்தட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அன்று காலையில்தான் நான் அன்ரியிடம் விஷயத்தைச் சொன்னேன்.  அவர் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, கறி பப்ஸ் பொரித்து வைத்தார்.

மனிதர் உட்காரவும் இல்லை. முதலில் பாட்டைக் கேளுங்கள் என்று ஊசியை வைத்தார். கொஞ்சநேரம் கரகரவென்று சத்தம். பிறகு, கையால் அறைகிற அந்தத் தாளம். பிறகு குரல்.

தேநீர்ச் சாடியோடு சமையலறை வாசலில் நின்ற அன்ரி அப்படியே நின்றுவிட்டார். சொல்லை உடைத்து மேலே தூக்கிப்போட்டுப் பிடிக்கும் அதே குரல். ஆனால் அதில் பயமே இல்லை. எந்தக் குடையையும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஒரு பெண் பாடுவதுபோல் இருந்தது. நாற்பது ஐம்பது வருடத்துக்குப் பிறகு இந்தப் பாட்டை அவர் கேட்கிறார்.

பாட்டு முடிந்தது. மனிதர் விரலை உயர்த்திக் காட்டினார். "இனித்தான், கவனியுங்கள்."

தட்டு இன்னும் சுழன்றது. கிட்டார் ஓய்ந்த அமைதிக்குள் அந்தப் பெண் மூச்சிரைக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஐயோ அம்மா, மூச்சே போச்சு!"

ஊசி தூக்கப்பட்டது. "இது என்ன பாஷை என்று பத்து வருடமாகத் தேடுகிறேன்," என்றார் அவர். "அயர்லாந்துக்காரர்களிடம் கேட்டேன். இல்லை என்றார்கள். வேல்ஸ்காரர்களிடம் கேட்டேன். சிலர் வெறும் உளறல் என்கிறார்கள்." பிறகு அன்ரியைப் பார்த்து மிக மெதுவாகக் கேட்டார்: "அம்மா, அது நீங்களா?"

அன்ரி சாடியை மேசையில் வைத்தார். கோப்பைகளை நேராக்கினார்.

"இல்லை," என்றார். "அவளை எனக்குத் தெரியும். நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். நான் துணைக்குத்தான் போனேன். இந்தப் பெண் தப்பாக விளங்கிக்கொண்டுவிட்டாள்."

மனிதரின் தோள்கள் தளர்ந்தன. என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு? அந்தக் கடைசி வார்த்தைகள் உங்களுக்கு ஏதும் புரிகிறதா?"

நான் அன்ரியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த கறி பப்ஸை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். 

"இல்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "எனக்கு ஒன்றும் புரியவில்லை."

வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அகதி விண்ணப்ப நேர்காணலில்கூட அவ்வளவு நெஞ்சு இடித்ததில்லை.

பப்ஸ் தட்டை மனிதர் பக்கம் நகர்த்திவிட்டு அன்ரி கேட்டார்: "இன்னும் ஒரு தடவை போடமுடியுமா?"

அவர் போட்டார். அன்ரி மறுபடி கேட்டார். அவர் மறுபடியும் போட்டார். நான்கு தடவை. போகும்போது, பிரதி ஒன்று எடுத்து சிடியில் அனுப்புகிறேன் என்றார். அவருக்கு ஏதாவது விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. வாசலில் நின்று அன்ரியின் கையைப் பிடித்து, தேவைக்கு அதிகமான நேரம் குலுக்கினார்.

கதவு சாத்தியதும் நான் வெடித்தேன்.

"ஏன் அன்ரி உப்பிடிப் பொய் சொன்னனீங்கள்? அது உங்கட குரல். உங்கட பாட்டு!"

"நீ யார கேட்டு எழுதின?"

அந்த ஒரு கேள்வியில் என் சத்தம் அடங்கிவிட்டது. அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத மிச்சத்தைச் சொன்னார்.

அந்த அயர்லாந்துத் தோழி ஒரு பஸ் கண்டக்டரைக் கட்டிக்கொண்டு கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனாள். மூன்று பிள்ளைகள். ஒருநாள் விளையாட்டாக, உங்கள் அம்மா ஒரு காலத்தில் பாடகி என்று அந்த இசைத்தட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு திருத்தமுடியவில்லை. புருஷன் குடிகாரன், வீட்டில் பெருமைப்பட வேறொன்றும் இருக்கவில்லை. மன்னித்துக்கொள் என்று அன்ரிக்குக் கடிதம் எழுதினாள். அன்ரி தன்னிடமிருந்த ஒரே தட்டையும், உன் தட்டு தேய்ந்துபோனால் வைத்துக்கொள் என்று தபாலில் அனுப்பிவிட்டார்.

"அவ செத்துப்போனப்ப நான் போனேன். கடைசி வரிசையில உட்கார்ந்தேன். பெட்டிய உள்ள கொண்டுபோறப்ப அந்தப் பாட்டத்தான் போட்டாங்க. எல்லாம் அழுவுது. வெளிய வந்ததும் ஒரு சின்னப் புள்ள, பேத்தி, ஏழு வயசு இருக்கும், எங்கிட்ட வந்து கேக்குது, எங்க பாட்டி பாடுறத நீங்க நேர்ல கேட்டிருக்கீங்களான்னு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கேட்டிருக்கேன், ரொம்ப நல்லா பாடுவான்னு சொன்னேன். வேற என்னத்த சொல்ல? அன்னிக்கே குடுத்தாச்சு மா. இப்ப போயி அந்தப் புள்ள கையிலேர்ந்து புடுங்குறதா?"

 அது பெரிய மனமா, அல்லது அந்தச் சப்பாத்துக் கடை மேல்மாடியில் ஒருவன் மேலும் கீழும் பார்த்த நாளிலிருந்து பழகிப்போன பயமா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியாது. இரண்டும் கலந்துதான் இருக்கவேண்டும்.

அவர் எழுந்து கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். முதுகைக் காட்டிக்கொண்டே, "ஆனா ஒண்ணு," என்றார்.

"என்ன அன்ரி?"

"கடைசில சொன்னது இருக்குல்ல. மூச்சே போச்சுன்னு. அது அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அது என்னுது."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்கு அடுத்த வருடம் நான் கல்யாணமாகி, லண்டனின் கிழக்குப் பக்கம், குட்மேய்ஸுக்கு வந்தேன். அதற்கு மறு வருடம் அவர் வீட்டை விற்றுவிட்டு ஈப்போவுக்குத் தங்கையிடம் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்வோம். என் மகள் பிறந்தபோது, அவளை ஏந்துவதற்கென்று தாமே தைத்த பருத்தித் துணி நான்கு, மடிப்புக் கலையாமல் வந்தது. பிறகு ஒருநாள், அன்ரி இறந்துவிட்டார் என்று சொல்லத் தங்கைதான் அழைத்தார். கொள்ளைநோய்க் காலம், யாரும் போகமுடியாத நாட்கள். சிடி என்னவாயிற்று என்று பல நாள் கழித்துக் கேட்டேன். அப்படியொன்றைத் தான் பார்க்கவே இல்லை என்றார் தங்கை.

அந்தக் கணினிப் பக்கம் இன்னும் இருக்கிறது. இப்போது மூன்று பாட்டும் அதில் கேட்கலாம். மூன்றாவது பாட்டு, அந்தச் சிரிப்பும் சொல்லும் இல்லாமல், கிட்டார் ஓய்ந்த இடத்தோடு நறுக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே ஒரு பெண், இது என் பாட்டி, என்று எழுதியிருக்கிறாள். ஏழு வயதில் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையாக இருக்கலாம். நான் எதுவும் எழுதவில்லை. இங்கேயும் அன்ரியின் பெயரை எழுதவில்லை. தமிழில்தானே எழுதுகிறேன், அந்தப் பிள்ளைக்கு எட்டாது என்ற தைரியத்தில் இவ்வளவும்.

இரவல் பெயரில் அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பின்னேரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. சிடி தபாலில் வந்து ஒரு வாரம் இருக்கும். அன்றைக்குப் பல் வைத்தியருக்குச் சுகமில்லை. மூன்று மணிக்கே வேலை முடிந்து வந்துவிட்டேன். வீட்டு வாசலில் சாவியைக் கையில் எடுத்தபோது உள்ளே பாட்டுக் கேட்டது. அந்த மூன்றாவது பாட்டு. கூடவே அன்ரி பாடிக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பலகைக்கு முன்னால் பாடும் முணுமுணுப்பு இல்லை. வாய்விட்டு, தெருவுக்குக் கேட்கும்படி பாடினார். இருபத்தொரு வயதுக் குரலோடு எழுபது வயதுக் குரல் ஓடியது. சில இடங்களில் எட்டாமல் பின்தங்கியது. உடையவேண்டிய இடத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாகவே உடைந்தன.

பாட்டு முடிந்தது. அந்தப் பெண் சிரித்தாள். ஐயோ அம்மா, மூச்சே போச்சு என்றாள்.

"போனா போவுது," என்று அன்ரி அவளுக்குப் பதில் சொன்னார். இரைத்துக்கொண்டே, செல்லமாக. "வா, இன்னொரு தடவ பாடு."

பாட்டு மறுபடி தொடங்கியது. நான் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல் கேற்றைச் சாத்திவிட்டு, தெருமுனைவரை நடந்து போனேன்.